களவாண்ட கொடி

எங்கள் தோட்டத்தில் எல்லார் துண்டிலும் களவு போயிற்று. என் துண்டில் மட்டும் போகவில்லை. அந்த ஆடி மாதம் முழுக்க எனக்கு அதே வயிற்றெரிச்சல்.

இப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னைக் கிறுக்கி என்பார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். பர்மா அரிசி நின்றுபோய், ரேஷனில் போட்ட அரிசியில் கல்லும் புழுவும் போட்டி போட்ட வருஷம் அது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், வாய்க்கால் ஓரமாக ஒரு பண்ணையாரின் தரிசு கிடந்தது. யுத்தம் முடிகிறவரை ஊரார் காய்கறி போட்டுக்கொள்ளட்டும் என்று அவர் விட்டுக்கொடுத்தார். உடனே ஒரு தோட்டக் கமிட்டி முளைத்தது. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு ஆபீசும் கடையும் இருந்ததால் துண்டுகள் எல்லாம் பெண்கள் பேரில். ஒவ்வொரு துண்டின் தலைமாட்டிலும் ஒரு கட்டையை நட்டு, குத்தகைக்காரியின் பேரைத் தாரில் எழுதி வைத்தார்கள்.

என் கட்டையில் 'முத்துவடிவு' என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் பால்வண்ணநாதன் வக்கீல் குமாஸ்தா. அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மைல்கல்லு மாதிரி இருக்கே, குத்தாலத்துக்கு எத்தனை மைல்னு போடலையா?" என்றார். மனுஷனுக்குப் பொறாமை, வேறென்ன?

துண்டு கிடைத்ததும் பெண்கள் எல்லாரும் முதலில் போட்டது சிறுகிழங்குதான். எங்கள் பக்கத்தில் சிறுகிழங்கு இல்லாத தைப்பொங்கல் உப்பில்லாத பண்டம். அதை விதை போட்டு வளர்ப்பதில்லை. கொடியின் கொழுந்தைச் சாண் நீளத்துக்குக் கிள்ளி ஈர மண்ணில் ஊன்ற வேண்டும். ஆடி ஆவணியில் ஊன்றினால் தையில் கிழங்கு.

அந்தக் கொடியை எங்கிருந்து கிள்ளுவது என்பதில்தான் இருக்கிறது விஷயம். கேட்டு வாங்கி நட்ட கொடி தழைக்காது, கண்டும் காணாமல் களவாண்டு நட்ட கொடிதான் தழைக்கும். இது எங்கள் பெண்களுக்குள் வழிவழியாக இருக்கிற வழக்கம். நீ நம்புகிறாயா என்று என்னைக் கேட்காதீர்கள். நம்பாமல் நட்டுக் கருகிப்போனால் நீங்களா வந்து தருவீர்கள்?

களவு என்றாலும் அதற்கு மரியாதை உண்டு. கொழுந்தை மட்டும்தான் கிள்ளலாம், வேரில் கை வைக்கக் கூடாது. துண்டுக்காரி பார்த்துவிட்டால் உடனே முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கிள்ளினவள் தன் துண்டில் ஊன்றித் தண்ணீர் விட்டு முடிக்கிறவரை திரும்பவே கூடாது. திரும்பிவிட்டாலோ, 'நான்தான் கொடுத்தேன்' என்று வாயைத் திறந்துவிட்டாலோ அது களவில்லை, தானம் ஆகிவிடும். கொடி போச்சு. தையில் கிழங்கு தோண்டியதும், கிள்ளினவள் இரண்டு கை நிறையக் கிழங்கை அந்தத் துண்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள். யார் வைத்தது என்று கேட்கக் கூடாது.

ஆகவே யார் துண்டில் அதிகம் களவு போகிறதோ அவளுக்குத்தான் தோட்டத்தில் மதிப்பு. வடக்கு ஓரத்துச் சங்கரம்மாள் தினமும் வந்து, "என்னத்தைச் சொல்லுதது, நேத்தும் ஒரு கை கிள்ளிட்டுப் போயிட்டாளுவ, ஒண்ணையும் விட்டுவைக்க மாட்டேங்காளுவ" என்று சலித்துக்கொள்வாள். சலிப்பா அது? முகமெல்லாம் பல். நானும் அவளிடம் களவாண்டுதான் நட்டேன். என் கொடி அவளுடையதைவிடப் பச்சையாக, வரப்பைத் தாண்டிப் படர்ந்து கிடந்தது. ஒருத்தியும் தொடவில்லை.

"உன் வாய்க்குப் பயந்துதான்" என்றார் என் வீட்டுக்காரர். "புலிக் கூண்டுக்குள்ள கைய விட்டுக் கறி எடுப்பாளுவளா?"

அன்று அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

எனக்கு அடுத்த துண்டு குருவம்மாளுடையது. முப்பதுகூட ஆகாத பெண். புருஷன் சுந்தரபாண்டியன் பட்டாளத்தில் கப்பலேறிப் போயிருந்தான். இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு விடிந்ததும் வந்துவிடுவாள். வந்ததும் முதல் வேலை, தன் பேர் எழுதின கட்டையை முந்தானையால் துடைப்பது. சாரல் விழுந்து ஈரமாக இருந்தாலும் துடைப்பாள்.

அவளிடம் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்காது. அடுத்தவர் வரப்பில் நடக்கும்போது இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, தலையைத் திருப்பாமல் நடப்பாள். என்ன மிடுக்கு, எங்கள் கொடி எல்லாம் இவள் கண்ணுக்குக் கொடியாகத் தெரியவில்லையா என்று நினைத்துக்கொள்வேன்.

அத்தனை மிடுக்கு இருந்தும் அவள் துண்டு மொட்டையாகக் கிடந்தது. முதலில் புளியங்குடிச் சந்தைக்கு ஆள் அனுப்பிக் கொடி வாங்கி நட்டாள். வரும்போதே வாடி வந்தது, அப்படியே செத்தது. பிறகு மாடத்தியிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கி நட்டாள். அந்த வாரம் பார்த்து சாரல் நின்று வெயில் காய்ந்தது. அதுவும் கருகியது. "கேட்டு வாங்கினா அப்படித்தாம்ட்டி" என்று மாடத்தியே சொல்லிவிட்டாள்.

ஆவணி பிறந்தது. கமிட்டிக் காரியதரிசி வல்லிநாயகம் பிள்ளை குடையும் கையுமாக வந்தார். சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். சட்டம் என்றால் அவருக்குச் சர்க்கரை. தோட்டத்துக்கு அவர் போட்ட சட்டம் இரண்டு. துண்டைத் தரிசாகப் போட்டால் துண்டு போகும். அடுத்தவர் துண்டில் கை வைத்தால் துண்டு போகும். பெண்களின் களவு விளையாட்டு அவருக்குத் தெரியாது. ஆண்பிள்ளைகளுக்குக் கிழங்கைத் தின்னத் தெரியுமே தவிர, அது எப்படி வந்தது என்று எப்போது தெரிந்திருக்கிறது?

குருவம்மாள் துண்டின் முன்னால் நின்று குடையால் மண்ணைக் குத்தினார்.

"வெள்ளிக்கிழமை வருவேன். அதுக்குள்ள இங்கன பச்சையா எதையாவது பாக்கணும். இல்லைன்னா கட்டையைப் பிடுங்கி வேற ஆளுக்குக் கொடுத்துருவேன். வாசுதேவநல்லூர்ல இருந்தெல்லாம் வந்து கேட்டுட்டு நிக்காங்க."

அவர் போனதும் அவள் கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஏட்டி குருவு! சுத்தி இத்தனை துண்டு கிடக்கு, உனக்கு ஒரு கொடி களவாங்கத் தெரியாதா? கையை எதுக்கு அப்படிக் கட்டிக்கிட்டே அலையுத?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்குத்தான் ஆச்சி கட்டிக்கிட்டு நடக்கேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எங்க அண்ணன் சொரிமுத்து ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் தொட்டது கிடையாது. ஆனா பொழுது சாஞ்சா ஸ்டேஷன்ல போய்ப் பெருவிரல் ரேகையை வச்சிட்டு அங்கனயே படுக்கணும். நான் பொறந்த ஊர்ல எங்க சாதி ஆம்பளைங்க எல்லாருக்கும் அப்படித்தான். பொறக்கையிலேயே களவாணின்னு சர்க்கார் சட்டம் போட்டு வச்சிருக்கு. நீங்க கிள்ளினா அது வெளையாட்டு ஆச்சி. நான் கிள்ளினா?"

இவள் புருஷன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பியதும் அதே சர்க்கார்தானே? புருஷன் கையை நம்புவார்களாம், அண்ணன் கையை நம்பமாட்டார்களாம். இதில் என்ன நியாயம் இருக்கிறதோ, வக்கீல் குமாஸ்தா பெண்டாட்டி எனக்கே விளங்கவில்லை.

"களவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் துண்டுல வேணுங்கிறதைக் கிள்ளிக்கோ. நான் தாரேன்" என்றேன்.

"வேண்டாம் ஆச்சி. வாங்கி நட்டது ரெண்டு தடவை கருகிட்டு. மூணாவதும் கருகினா இந்தக் கட்டை போயிரும்." அவள் கட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எம் பேரு எழுதியிருக்கிறது இந்த உலகத்திலேயே இதுல மட்டுந்தான்."

அன்று வீட்டுக்குப் போயும் எனக்கு வேலை ஓடவில்லை. அவள் தயவாக வாங்கமாட்டாள், களவாகவும் எடுக்கமாட்டாள். வெள்ளிக்கிழமையோ வந்துகொண்டிருந்தது. முதுகைத் திருப்பிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. சரி, அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று தீர்மானித்தேன்.

வியாழக்கிழமை காலையில் நல்ல சாரல். மலை மேகத்துக்குள் இருந்தது. நான் என் துண்டின் நடுவில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி, "எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு! வாய்க்காலைப் பாத்துக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கப் போறேன்! இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்!" என்று கத்தினேன். எதிர்த் துண்டில் மாடத்தி களுக்கென்று சிரித்தாள். நான் அவளைப் பார்வையாலேயே அடக்கிவிட்டு வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நின்றேன். வாய்க்காலில் செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு தவளை என்னைப் பார்த்தது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் பின்னால், ஈரக் கொடியைக் கிள்ளுகிற சின்னச் சத்தம் கேட்டது. கிள்ளினால் சிறுகிழங்குக் கொடியிலிருந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனையும் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் துண்டிலும் களவு போகிறது! அதுவும் யார் கையால்!

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"மடியில என்ன?"

வல்லிநாயகம் பிள்ளை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்ன மனுஷன், ஒருநாள் முந்தி, பெண்டாட்டி குழல்வாய்மொழியையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். நாங்கள் மயினி என்று கூப்பிடுகிற அந்த அம்மாளுக்கும் தோட்டத்தில் ஒரு துண்டு உண்டு.

திரும்பிப் பார்த்தால் கொடி போயிற்று. கொடுத்தேன் என்று சொன்னாலும் கொடி போயிற்று. பேசாமல் நின்றால் அவள் துண்டு போயிற்று. இப்படி மாட்டிக்கொண்டு என் ஆயுசில் நான் நின்றதில்லை.

"முத்துவடிவு, இங்கன திரும்பு. இது உன் துண்டுக் கொடிதானே? நீ கொடுத்தியா?"

"எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி. திரும்ப முடியாது."

அவர் வரப்பைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்தார். நான் அப்படியே இன்னொரு பக்கம் திரும்பினேன். அவர் அங்கேயும் வந்தார். குருவம்மாள் என் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு மறுபடி வாய்க்கால் பக்கமே திரும்பினேன். இடுப்புப் பிடித்தவள் பம்பரம் மாதிரி சுற்றுவதை அவர் கவனித்திருப்பார்.

"சங்கரம்மா! நீ பாத்தியா?"

"நான் பாக்கலையே!" சங்கரம்மாளின் குரல் சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி வந்தது. அவளும் முதுகைக் காட்டிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

"மாடத்தி?"

"நான் மலையையில்லா பாத்துக்கிட்டு இருக்கேன்."

"மலை மேகத்துக்குள்ள கிடக்கு. என்னத்தைப் பாக்குத?"

"மேகத்தைப் பாக்கேன்."

ஒருத்தி மிச்சமில்லாமல் திரும்பி நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. பிள்ளைவாள் குடையைத் தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. அவர் குரல் இப்போது குருவம்மாள் துண்டின் தலைமாட்டிலிருந்து வந்தது. கட்டையைப் பிடித்துவிட்டார்.

"யாரும் பாக்கலைன்னா களவு இல்லைன்னு ஆயிருமா? இவ அண்ணன் யாருன்னு எனக்குத் தெரியும். புத்தி எங்க போகும்?"

அதுவரை எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டதும் பயம் எல்லாம் எங்கோ போய்விட்டது. என் வாய்க்கு ஊரே பயப்படுகிறது என்றால் அந்த வாயை வேறு எதற்கு வைத்திருக்கிறேன்? திரும்பாமலே, வாய்க்காலைப் பார்த்தபடியே பேசினேன்.

"அண்ணாச்சி, என் துண்டுல கிடக்கிறது சங்கரம்மாகிட்டக் களவாண்ட கொடி. சங்கரம்மாவோடது மாடத்திகிட்டக் களவாண்டது. மாடத்தியோடது உங்க வீட்டு மயினி துண்டுல களவாண்டது. இந்தத் தோட்டம் பூராவும் களவாணிதான். எங்க கட்டையை ஏன் பிடுங்கலை? எங்க அண்ணன் யாருன்னு ஏன் கேக்கலை? எங்க அண்ணன் திருநெல்வேலியில வாத்தியாரா இருக்கான். அவன்கிட்டயும் ரேகை வாங்கிட்டு வாங்க!"

சாரல் மட்டும் இலைகளில் விழுந்துகொண்டிருந்தது.

குழல்வாய்மொழி அம்மாள் அதிகம் பேசமாட்டாள். புருஷனுக்கு எதிரே குரல் எழுப்பி நான் கேட்டதே இல்லை. அன்று மெதுவாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது.

"நம்ம வீட்டுக் கறிவேப்பிலை மரம் எங்கேயிருந்து வந்துதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கியளா? கல்யாணமாகி வந்த வருஷம் அடுத்த வீட்டுல இருந்து நான் களவாண்டுட்டு வந்த கன்னு அது. முப்பது வருஷமா ரசிச்சுச் சாப்பிடுதிய." அப்புறம் குருவம்மாளைக் கூப்பிட்டாள். "ஏட்டி குருவம்மா, நான் பாக்கலை."

சேலை சரசரக்கிற சத்தம். அவளும் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதே! காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன். கட்டையைப் பிடுங்கினால் மண்ணிலிருந்து ஒரு சத்தம் வருமே, அது வந்துவிடுமோ என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன். பிறகு ஈர மண்ணைக் கையால் தோண்டுகிற சத்தம் வந்தது. அமுக்குகிற சத்தம். மறுபடி தோண்டுகிற சத்தம். கடைசியில் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

"நட்டாச்சு ஆச்சி" என்றாள் குருவம்மாள்.

எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பினோம். அவள் துண்டில் ஒரு வரிசை பச்சை நின்றது. அவளுக்கு முட்டங்கை வரை சேறு. கட்டை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. வல்லிநாயகம் பிள்ளை அதன் பக்கத்தில், எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மேகத்துக்குள் இருந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடை மடங்கியே இருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நட்டாச்சாம் அண்ணாச்சி. திரும்பலாம்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. அப்படியே சாலையைப் பார்த்து நடந்தார். போகிற போக்கில், "துண்டு பச்சையா இருக்கு, சரிதான்" என்று மட்டும் சொன்னார். குருவம்மாளிடம் அப்படிப் பேசியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு இன்னும் அவர்மேல் கோபம்தான். ஆனாலும் அந்த முதுகு நனைந்து நின்றதை நான் மறக்கவில்லை.

கொடி பிடித்தது. களவாண்ட கொடி பிடிக்காமல் போகுமா? அன்றிலிருந்து விடாமல் சாரல் விழுந்ததும் ஒரு காரணம் என்பார் என் வீட்டுக்காரர். விழட்டுமே! சாரல் மட்டும் சும்மாவா விழுகிறது?

தை பிறப்பதற்கு இரண்டு நாள் முந்தி என் துண்டுக்குப் போனேன். என் பேர்க் கட்டையின் அடியில், தேக்கிலைகளின் மேல் சிறுகிழங்கு குவிந்திருந்தது. இரண்டு கை அளவா அது? இரண்டு முறம் இருக்கும். மண் போகக் கழுவி வைத்திருந்தது. அடுத்த துண்டில் குருவம்மாள் என்னைப் பார்க்காதவள்போல் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள். நான் யார் வைத்தது என்று கேட்கவில்லை. சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் உரித்து, பொங்கலன்று பொரியல் வைத்தேன். என் வீட்டுக்காரர் மூன்றாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று உப்புச் சரியாக இருந்தது.

அடுத்த ஆடியிலும் யுத்தம் முடியவில்லை. குத்தகையைப் புதுப்பித்தார்கள். அந்த வருஷம் தோட்டத்திலேயே முதலில் தழைத்தது குருவம்மாள் துண்டுதான். கொடி கொடியாக வரப்பில் வழிந்து கிடந்தது. என் துண்டில் விதைக்குப் புதைத்த கிழங்கைப் பெருச்சாளி தின்றுவிட்டது என்று வையுங்கள். தின்னாவிட்டாலும் நான் போயிருப்பேன்.

காலையில் அவள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தபோது வரப்பில் உட்கார்ந்தேன். எனக்கு இந்த வயசில் இதெல்லாம் லாகவமாக வராது. முதல் கொழுந்தைக் கிள்ளும்போதே வளையல் கலகலத்தது. அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். என் மடியைப் பார்த்தாள்.

அப்புறம் சேற்றுக் கையை உதறிவிட்டு, சாவகாசமாக முதுகைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நிமிர்ந்து நின்றாள். பண்ணையார்கூட அந்த நிலத்தில் அப்படி நின்றிருக்கமாட்டார்.

நான் என் துண்டுக்கு வந்து ஊன்றினேன். தண்ணீர் விட்டேன். "நட்டாச்சுட்டி" என்றேன்.

அவள் உடனே திரும்பவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆச்சி, எங்க அண்ணனுக்கு இன்னைக்கே ஆள்விட்டுச் சொல்லணும்" என்றாள். "எங்க வீட்டுப் பொருளு களவு போயிட்டுன்னு!"